சர்வதேச உறவுகள் படிக்க எஸ்டோனியா: என் நோக்கக் கடிதத்தில் குறை சொல்லுங்கள்

பாம்பன்காற்று

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் அரசியல் அறிவியல் இளங்கலை முடித்து ஓராண்டு ஆகிறது. எஸ்டோனியாவில் தார்த்து பல்கலைக்கழகத்தில் ‘சர்வதேச உறவுகளும் வட்டார ஆய்வுகளும்’ என்ற முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எல்லோரும் எஸ்.ஓ.பி. என்று சொல்லும் நோக்கக் கடிதத்தில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் எழுதிப் பார்த்தேன். தொடக்கம் இது:

“இன்றைய உலகமயச் சூழலில் நாடுகளுக்கு இடையிலான உறவுகள் பெரும் முக்கியத்துவம் பெற்றுள்ளன. சிறு வயது முதலே எனக்கு உலக அரசியலில் ஆழ்ந்த ஆர்வம் உண்டு. மீனவக் குடும்பத்தில் பிறந்த நான், அண்டை நாட்டின் கெடுபிடியால் எங்கள் மக்கள் படும் துயரத்தை நேரில் கண்டவள். உலக அமைதிக்கு என்னால் இயன்ற பங்கை ஆற்றவே இத்துறையைத் தேர்ந்தெடுத்தேன்.”

தயவு தாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

கேட்டதால் சொல்கிறேன். முதல் இரண்டு வாக்கியங்களை அடித்துவிடுங்கள். ‘சிறு வயது முதலே’ என்று தொடங்காத கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. ஆறு வயதில் யாருக்கு அம்மா உலக அரசியலில் ஆர்வம்? கடைசி வாக்கியமும் வேண்டாம். உலக அமைதியை ஒருவர் தலையில் கட்டினால் தாங்காது. மிச்சம் இருப்பது ‘மீனவக் குடும்பம்’ ஒன்றுதான். அதை விரித்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

எனக்கு எழும் கேள்வி வேறு. எதற்கு எஸ்டோனியா? ஐ.எஃப்.எஸ்., அதாவது வெளியுறவுப் பணி அதிகாரி, ஆக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பட்டம் போதும், யு.பி.எஸ்.சி. எழுதினால் ஆயிற்று. இந்தத் துறையையே படிக்க வேண்டுமென்றால் டெல்லியில் 1955இல் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. 1970 முதல் அது ஜே.என்.யு.வோடு சேர்ந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுத் துறை இருக்கிறது. பாக் நீரிணையைப் பற்றிப் படிக்க பால்டிக் கரைக்குப் போவானேன்? உன்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை, மகளே. தேர்வுக் குழுவும் இதைத்தான் கேட்கும்.

பாம்பன்காற்று

ஐயா, நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

என் அப்பா விசைப்படகில் டிரைவர். படகு எங்களுடையது இல்லை. நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எல்லை தாண்டியதாகச் சொல்லி அப்பாவைப் பிடித்து, நாற்பது நாள் இலங்கையில் சிறையில் வைத்திருந்தார்கள். அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: கச்சத்தீவு. 285 ஏக்கர் தீவு. அதைக் கொடுத்ததால்தான் எல்லாம் என்றார்கள். சரி, அதில் என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம் என்று பள்ளி நூலகக் கணினியில் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு பக்கம்கூட வராது.

ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய் வரலாம், விசாவோ பயணப் பத்திரமோ வேண்டாம் என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டின் கடற்பரப்பில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அதைப் படித்ததும் ‘பிறகு ஏன் பிடித்தார்கள்’ என்று கோபம் வந்தது. அடுத்த மாதம்தான் 1976 மார்ச்சில் எழுதிக்கொண்ட கடிதங்கள் கண்ணில் பட்டன. இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் எழுதிக்கொண்டவை. இந்தியப் படகுகள் இலங்கைக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது, இலங்கைப் படகுகளும் இந்தியப் பரப்பில் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதங்கள் 1974ஆம் ஆண்டின் ஆறாவது பிரிவை விழுங்கிவிட்டனவா இல்லையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் அப்பா அந்த வாதத்துக்கு நடுவில் நாற்பது நாள் படுத்திருந்தார் என்று அன்றைக்குத் தோன்றியது. உலக அமைதி எல்லாம் சும்மா எழுதியது ஐயா, உண்மையான காரணம் அந்த இரண்டு பக்கம்தான்.

எஸ்டோனியா எதற்கு என்பதற்கு, எல்லையோடு வாழும் சின்ன நாடு என்று மட்டும்தான் சொல்லத் தெரிகிறது. இன்னும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

இதைத்தானே அம்மா முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்! ஒரு சிறு சேர்க்கை: அந்தக் கடிதங்கள் கைமாறிய நாளில் தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. ஜனவரி 31இல் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள்.

தீவகம்

நான் நெடுந்தீவு. இப்போது யாழ்ப்பாணம் நகரில் ஆசிரியையாக இருக்கிறேன். அண்ணன் இன்னும் தொழிலுக்குப் போகிறார். தங்கச்சி, நீங்கள் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

‘அண்டை நாட்டின் கெடுபிடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அண்டை நாட்டுக்குள்ளே நாங்களும் இருக்கிறோம். போர்க் காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கடல் பூட்டிக் கிடந்தது. இத்தனை மணிக்குப் போகலாம், இத்தனை தூரம் போகலாம், இந்தக் குதிரைவலுவுக்கு மேல் இயந்திரம் கூடாது என்று எத்தனையோ தடைகள். 2009க்குப் பிறகுதான் இரவில் நிம்மதியாக வலை விட முடிந்தது. அப்போது பார்த்தால் எங்கள் கடலில் உங்கள் றோலர்கள், அதுதான் இழுவைமடி போடும் விசைப்படகுகள், நிற்கின்றன. அண்ணன் மாலையில் வலை விட்டுவிட்டு விடியப் போய் இழுத்தார். பாதி வலைதான் வந்தது. மிச்சத்தை இழுவைமடி வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த வலை கடனுக்கு வாங்கியது. இரண்டாம் தடவை அறுந்தபோது அண்ணி நகையைக் கழற்றிக் கொடுத்தார்.

இலங்கையில் 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். எங்கள் ஆட்களும் அந்தத் தடைக்குள் வருகிறார்கள். உங்கள் அப்பா சிறையில் இருந்தது எனக்கும் கவலைதான். கூலிக்குப் போகிறவர் உள்ளே இருக்கிறார், படகின் உரிமையாளர் வீட்டில் இருக்கிறார். ஆனால் உங்கள் கடிதத்தை எஸ்டோனியாவில் வாசிக்கும் பேராசிரியருக்குப் பக்கத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுதுங்கள்.

வங்கக்கடல்வேங்கை

தொப்புள்கொடி உறவு என்று நாம் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறோம். அவர்கள் நம் மீனவனைத் திருடன் என்கிறார்கள். அந்நியன் சிண்டு முடிகிறான், இவர்கள் ஆடுகிறார்கள். இந்தப் பெண்

[நெறியாளர்: மீதி நீக்கப்பட்டது. கேட்டவர் ஒரு கடிதத்துக்கு உதவி கேட்டிருக்கிறார். மேடைப் பேச்சுக்கு வேறு இழை தொடங்கிக்கொள்ளலாம்.]

பாம்பன்காற்று

இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. தீவகம் அக்கா, கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அண்ணன் வாரத்தில் எல்லா நாளும் கடலுக்குப் போவாரா?

தீவகம்

இல்லை. சனி, திங்கள், புதன் இரவுகளில் வலை விடுவதில்லை. உங்கள் றோலர்கள் வரும் நாட்கள் அவை என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மூன்று இரவும் எங்கள் வீட்டில் வலை காயும், கறிக்கு மீன் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்களுக்குத் தடைக்காலம் அல்லவா? எங்களுக்கு அந்த இரண்டு மாதமும்தான் உழைப்புக் காலம்.

பாம்பன்காற்று

அக்கா, எங்கள் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும். அம்மா சனி, திங்கள், புதன் தாள்களின் மூலையை மடித்து வைப்பார். அன்றைக்கு அனுமதி டோக்கன் வாங்கி அப்பா கடலுக்குப் போவார், மறுநாள் காலையில் வருவார். எங்கள் பக்கத்தில் நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் சண்டை வரக் கூடாது என்று நாள் பிரித்து வைத்த ஏற்பாடு அது. மடித்த தாள் என்றால் வீட்டில் கையில் காசு புரளும். பள்ளியில் கட்டணம் கட்டச் சொன்னால் ‘வியாழன் தருகிறேன்’ என்று சொல்லிப் பழக்கம்.

அந்த மடித்த தாள்கள் இன்னொரு வீட்டில் வலை காயும் நாட்கள் என்று இருபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது.

பனிப்பாதை

தார்த்துவில் இதே முதுகலையை முடித்தவன். இழையை இன்றுதான் பார்த்தேன். ‘எதற்கு எஸ்டோனியா’ என்று வாத்தியார் கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது உங்களுக்குப் பயன்படலாம்.

தார்த்து சின்ன ஊர், மக்கள் ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பல்கலைக்கழகம் 1632இல் தொடங்கியது. ஊருக்கு நடுவில் ஓடும் எமாயோகி ஆறு கிழக்கே போய் பெய்ப்சி என்ற ஏரியில் விழுகிறது. 3,500 சதுர கிலோமீட்டருக்கும் பெரிய ஏரி, கரையில் நின்றால் கடல்தான். அந்த ஏரிக்கு நடுவில்தான் எஸ்டோனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் எல்லை. சோவியத் காலத்தில் ஒரே நாட்டு ஏரி. 1991க்குப் பிறகு நடுவில் ஒரு கோடு.

இனிமேல்தான் உங்களுக்கான செய்தி. அந்தக் கோடு இன்றுவரை முழுமையான ஒப்பந்தம் ஆகவில்லை. 2005இல் கையெழுத்திட்டார்கள். எஸ்டோனிய நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கும்போது சோவியத் ரஷ்யாவோடு செய்துகொண்ட 1920ஆம் ஆண்டு தார்த்து அமைதி ஒப்பந்தத்தையும் முன்னுரையில் குறிப்பிட்டது. ரஷ்யா கோபித்துக்கொண்டு கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. 2014 பிப்ரவரியில் மறுபடி கையெழுத்தானது. இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1920இல் கையெழுத்தான அந்த வீடு வானெமுய்னெ தெருவில் இருக்கிறது, இப்போது அது ஒரு பள்ளிக்கூடம். கடைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன்.

கோடு இப்படி அந்தரத்தில் தொங்கும்போதும், ஏரி மீனை எப்படிப் பங்கிடுவது என்று 1994இலேயே இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த மீன், யாருக்கு எத்தனை டன் என்று கூட்டுக் குழு பேசி முடிக்கும் ஏற்பாடு. அங்கே பங்கு இருக்கிறது, கோடு முடியவில்லை. உங்கள் பாக் நீரிணையில் கோடு 1974இலேயே முடிந்துவிட்டது, பங்குதான் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஒன்றை வைத்தே கடிதம் எழுதுவேன்.

இனிப்புத் தடவவில்லை. குளிர்காலத்தில் மதியம் மூன்றரைக்கு இருட்டிவிடும். ஏரி உறைந்ததும் கிழவர்கள் பெரிய காற்றுச் சக்கரம் பூட்டிய, வீட்டிலேயே செய்த வண்டிகளில் ஏறிப் பனிக்கட்டி மேல் போவார்கள். ‘கரக்காத்’ என்பார்கள் அதை. துளை போட்டு, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, தூண்டிலோடு நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். நானும் ஒருமுறை போனேன். அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவர் கிழக்கே கையைக் காட்டி ஏதோ சொன்னார். ‘அந்தப் பக்கம் நல்ல மீன், ஆனால் போகாதே’ என்று நண்பன் மொழிபெயர்த்தான். எனக்கு ராமேஸ்வரம் ஞாபகம் வந்தது.

2022இல் உக்ரைன் போர் வெடித்த பிறகு நிலைமை இறுகிவிட்டது. முன்பு ரஷ்யாவுக்குள் போய்க் கள ஆய்வு செய்வார்கள், இப்போது வாய்ப்பில்லை. வடக்கே நார்வா ஆற்றில் எல்லையைக் காட்ட எஸ்டோனியா மிதவைகள் போட்டிருந்தது. 2024 மே மாதத்தில் ஓர் இரவு ரஷ்யக் காவலர்கள் அவற்றில் 24ஐத் தூக்கிக்கொண்டு போனார்கள். அமைதியான எல்லை என்று எழுதிவிடாதீர்கள், சிரிப்பார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பனிப்பாதை தம்பி, நான் கேட்ட கேள்வியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தியும் இந்தப் பெண்ணுக்கு உதவும். இழுவைப்படகு நம் பாட்டன் சொத்து இல்லை. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. கொல்லம் பக்கம் நீண்டகரையில் தொடங்கி இயந்திரப் படகுகளைப் பழக்கினார்கள். 1960களில் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற, இழுவைமடி கரையெங்கும் பரவியது. நார்வேக்காரர்கள் நல்லது செய்யத்தான் வந்தார்கள். சர்வதேச உறவு என்றால் கைகுலுக்கும் புகைப்படம் என்று நினைப்பவர்களுக்கு, அது ஐம்பது ஆண்டு கழித்து நெடுந்தீவில் ஒரு வலையை அறுக்கும் என்று சொல்லிக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

தீவகம்

ஐயா, அந்த நார்வேதான் 2002இல் எங்களுக்குச் சமாதானம் பேசவும் வந்தது. எங்கள் கடலை அவர்கள் விடுவதாக இல்லை போலும்.

கணக்குப்பிள்ளை

நான் பணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டீர்கள். நார்வே இலவசம் என்று பழைய நினைப்பில் யாரும் இருக்க வேண்டாம். 2023 இலையுதிர் பருவம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடியும்) காட்டச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் அவ்வகைப் படிப்புகளில் தார்த்துவும் இருந்திருக்கிறது. அதற்கும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் வாங்க வழி உண்டு. அதற்கு மேல் என்றால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். வீடு கடற்கரைப் புறம்போக்கில் இருந்தால் பத்திரத்துக்கு எங்கே போவது?

பாம்பன்காற்று

கணக்குப்பிள்ளை அண்ணா, சரியாகத் தொட்டுவிட்டீர்கள். பத்திரம் இல்லை. எராஸ்மஸுக்கும் விண்ணப்பிக்கிறேன்.

புதிய தொடக்கத்தை நேற்று இரவு எழுதினேன்:

“எங்கள் வீட்டுக் காலண்டரில் சனி, திங்கள், புதன் தாள்களின் மூலையை என் அம்மா மடித்து வைப்பார். அந்த இரவுகளில் என் தந்தை பாக் நீரிணையில் இழுவைப்படகு ஓட்டுவார். அதே இரவுகளில், நீரிணையின் மறுகரையில், அதே தமிழ் பேசும் ஒரு மீனவர் தன் வலையைக் கடலில் விடாமல் வீட்டில் காய வைப்பார். என் தந்தையின் படகு இழுத்த மடியில் யாருடைய வலை அறுந்தது என்று அவருக்குத் தெரியாது. அவரைச் சிறையில் வைத்தவர்களுக்கும் அவருடைய முதலாளியின் பெயர் தெரியாது. இந்தக் கடலில் 1974இல் ஒரு கோடு போட்டார்கள். மீனை எப்படிப் பங்கிடுவது என்று அந்த ஒப்பந்தம் சொல்லவில்லை. எஸ்டோனியாவும் ரஷ்யாவும் பகிரும் பெய்ப்சி ஏரியில் கோடு இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் பங்கிடும் ஏற்பாடு இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஆகாத இரு நாடுகள் மீனைப் பற்றி மட்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன, அந்தப் பேச்சு எப்போது முறிகிறது என்று தெரிந்துகொள்ளவே தார்த்துவுக்கு வர விரும்புகிறேன்.”

பனிப்பாதை

ஒரு திருத்தம். ‘உறுதியாகவில்லை’ என்பதை ‘ஒப்புதல் பெறவில்லை’ என்று மாற்றுங்கள். அங்கே அந்த வேறுபாட்டை வைத்தே ஒரு பருவம் பாடம் நடத்துவார்கள். மற்றபடி கை வைக்காதீர்கள். ரஷ்ய மொழி எழுத்துகளை இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

கணக்குப்பிள்ளை

இதைப் படித்தால் எனக்கே விண்ணப்பிக்கத் தோன்றுகிறது. வயது ஐம்பத்து நான்கு.

தீவகம்

வாசித்தேன். என் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டலாமா?

பாம்பன்காற்று

தாராளமாக, அக்கா. நானும் நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலண்டர் பற்றிய வரிக்குச் சிரித்தார். பிறகு ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். ‘யாருடைய வலை அறுந்தது என்று அவருக்குத் தெரியாது’ என்ற வரி. “யாருடையது என்று தெரியாது, சரி. ஆனால் அறுந்தது தெரியும். மடி கனத்துவிடும். விடியற்காலம் தூக்கும்போது அந்தப் பக்கத்து வலை சுற்றிக்கொண்டு மிதவையோடு மேலே வரும். கத்தியால் அறுத்துக் கடலில் போட்டுவிடுவோம். தெரியாது என்று எழுதாதே” என்றார்.

வரியை மாற்றி அனுப்பிவிட்டேன்.

தீவகம்

அண்ணனுக்கு வாசித்தேன், உங்கள் அப்பா சொன்னதையும் சேர்த்து. கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த மிதவைகள் என்ன நிறம் என்று உங்கள் அப்பாவிடம் கேட்கச் சொன்னார்.